இருபத்தேழாவது வீடு

“ஒரு வீடு! ஒரே ஒரு வீட்டுக்காக ஜெனீவா காத்துக்கிட்டு இருக்குமா, பாத்தின்?”

மத்தியாஸுக்குக் கோபம் தலைக்கேறியது. மணி நாலு இருபது. ஐந்துக்குள் மனுவைப் படமெடுத்து அனுப்பியாக வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருந்த பாத்தின், அதாவது மலேசியப் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களின் அந்தக் கிராமத் தலைவர், அசைந்து கொடுக்கவில்லை.

“இருவத்தேழு வீடு தம்பி. இருவத்தாறுதான் பேசியிருக்கு. கடைசி வீட்டு ஆளு வரட்டும்.”

எஸ்டேட்டில் புல் வெட்டிய காலத்தில் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது.

“எங்க போயிருக்காரு?”

“சுங்கை சோவுல மக வீட்டுக்கு. போன் எடுக்கல. ஆள் அனுப்பியிருக்கேன்.”

விஷயம் சின்னதல்ல. கிராமத்துக் காட்டை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி குத்தகைக்கு எடுக்கப் பார்க்கிறது. காட்டைக் காப்பாற்றப் போகிறார்களாம். அதற்கு முதல் வேலையாக, காட்டில் குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டுமாம்! அடுத்த வாரம் ஜெனீவாவில் நடக்கும் ஐ.நா. கூட்டத்தில் இந்தப் பேச்சு வருகிறது. மனு போய்ச் சேர்ந்தால் ஊர்க்காரர்களின் குரலும் அங்கே கேட்கும். சேராவிட்டால் இவர்கள் இல்லாமலேயே எல்லாம் முடிந்துவிடும்.

மனுவை எழுதியவர் மத்தியாஸ். பத்தாங் பெர்ஜுந்தாய் பட்டணத்தில் ஒரு சங்கத்தின் செயலாளர். முதல் வரியை எழுதும்போது அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

‘எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி யாரும் முடிவெடுக்கக் கூடாது.’

அவர் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டை விற்றபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், அவ்வளவுதான். அவர் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினொரு வருடமாகியும் அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு அடங்கவில்லை.

“பெரும்பான்மை போதும்லா, பாத்தின். உலகம் பூரா அப்பிடித்தான்.”

“எங்க ஊர்ல அப்பிடி இல்ல தம்பி. ஒரு வீட்ட விட்டுட்டுப் பேசினா அது ஊரு பேச்சு இல்ல.”

சொல்லிவிட்டு, வண்டி வருகிறதா என்று பார்க்க அவர் வெளியே போனார்.

நாலு நாற்பது. ஊர்ப் பொதுக் கொட்டகையில் மத்தியாஸ் மட்டும். மேசையில் மனு, அதில் இருபத்தாறு பெருவிரல் ரேகைகள், பக்கத்தில் மைப்பெட்டி. ‘இருபத்தேழு வீட்டாரும்’ என்று மனுவில் எழுதியாகிவிட்டது; ஒரு ரேகைதான் குறை.

நல்லது செய்ய வந்தால் இவர்களே குறுக்கே நிற்கிறார்களே! ஜெனீவாவில் யார் ரேகையை ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? அந்த மனிதர் வந்துதான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்?

மத்தியாஸ் தன் வலது பெருவிரலை மையில் அழுத்தினார்.

வெளியே லோரி சத்தம். பதறிப்போய் மை பட்ட வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலிருந்து இறங்கி, பாத்தினின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தவரைப் பார்த்ததும் மத்தியாஸ் எழுந்து நின்றுவிட்டார்.

இருசப்பன். லயத்தில் அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

“மாமா... நீங்க இங்கயா?”

“அட, மத்தியாசு! லயத்த ஒடச்சப்போ போக்கிடம் இல்லாம நின்னேன்பா. இவுங்கதான் கூப்பிட்டு எடம் குடுத்தாங்க.”

இத்தனை வருடத்தில் மாமா எங்கே போனார் என்று மத்தியாஸ் ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதை மறைக்கச் சட்டம் பேசினார்.

“ஆனா பாத்தின், இது ஓராங் அஸ்லி மனு. மாமா உங்க ஆளு இல்லையே. இவரு ரேகை செல்லாது.”

“செல்லாட்டிப் போவட்டும். பேப்பருக்காகவா கேக்குறோம்? காடு போனா இவரு வீடும்தானே போவும்? அன்னிக்கு லயத்த ஒடச்சப்போ இவரை யாரும் கேக்கல. இன்னிக்கு நாங்களும் கேக்காம முடிவு பண்ணா, அவுங்களுக்கும் நமக்கும் என்னா வித்தியாசம் தம்பி?”

மேசையிலிருந்த மனுவை எடுத்து மத்தியாஸிடம் நீட்டினார்.

“படிச்சுக் காட்டுங்க” என்றார் பாத்தின்.

படித்தார். ‘எங்களைக் கேட்காமல்’ என்று தொடங்கும் முதல் வரியை மட்டும் வேகமாகக் கடந்தார்.

இருசப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அறுவத்தெட்டு வயசாச்சு. என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்குறது இதான் மொத தடவ. எனக்குச் சம்மதம்பா. மை எங்க?”

மத்தியாஸ் மைப்பெட்டியை எடுத்து நீட்டினார், இடது கையால்.