உள்ளே தூசி போயிடும்

புதிதாக வாங்கிய வீடியோ கேம் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, மாசிலாமணி வயரை மாட்டினார். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் உள்ளே தூசி போய்விடுமாம்.

ஆட்டம் தொடங்கியதும் பெட்டி சூடேறியது. உள்ளே விசிறி சுற்றியும் காற்று வரவில்லை. பாதி ஆட்டத்தில் அணைந்துவிட்டது.

மாசிலாமணி வயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார். கடைக்குப் போன் போட்டு, "ஓட்டைப் பொருளை என் தலையில கட்டிட்டீங்க" என்று கத்தினார். பெட்டியின் மண்டையில் ஓங்கி ஓர் அடியும் வைத்தார்.

"மூச்சு முட்டி அணைஞ்சேன். அதுக்கு அடியா? இந்த ஆளுக்குக் கண்ணு எங்கே இருக்கு?" என்று பெட்டி கொதித்தது.

"கத்தாதே தம்பி, எல்லாம் பாசம்தான்," என்றது டிவி ரிமோட். அதன் பாலிதீன் உறை மஞ்சளாகி, உள்ளே ஒரு எண்ணும் தெரியவில்லை. "வந்த நாள்லேர்ந்து நானும் இப்படித்தான். உள்ளே இன்னும் புதுசாவே இருக்கேன்."

"உன் மூஞ்சியை இந்த வீட்டுல ஒருத்தரும் பார்த்ததில்லை. யாருக்காகப் புதுசா இருக்கே?"

ரிமோட்டுக்குச் சுருக்கென்றது.

மாசிலாமணி பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். "அப்பவே நினைச்சேன், தூசிதான் உள்ளே போயிருக்கு," என்றபடி இன்னோர் உறையை எடுத்து முதல் உறையின் மேலேயே மாட்டினார். ஓரங்களில் டேப்பும் ஒட்டினார்.

பெட்டியின் திட்டு இப்போது வெளியே கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் போட்டாரு," என்று ரிமோட் பொருமியது.