மூணு பேர் ரூம்

டர்ர்ர்ர்... தெருமுனையில் சத்தம் கேட்டதுமே டெனிசன் அறை ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டான்.

கொசுமருந்துப் புகை மெஷின். பின்தெருக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சலாம். வீடு வீடாக அடித்துக்கொண்டு வந்தார்கள்.

கோவிந்தம்மா அந்த அறையை டெனிசனோடு சேர்த்து மூன்று பேருக்கென்று பேசித்தான் வாடகைக்கு விட்டிருந்தாள். "நாலாவதா ஒரு தலையப் பாத்தேன், பாய் தலகாணியெல்லாம் ரோட்டுல கெடக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

இப்போது அதில் ஒன்பது பேர். ஒரகடம் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து நிறுத்தப்பட்ட ஆறு பேருக்கு வேறு போக்கிடமில்லை.

"டெனிசா, புகை அடிக்க வர்றான். உள்ள கீறதெல்லாம் வெளிய எடுத்துடு. நான் பின்னாடி துணி அலசினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் கோவிந்தம்மா.

எப்படி எடுப்பது? எதிர்வீட்டு செல்வமேரி வாசலை விட்டு அசையவில்லை. அவள் கண்ணில் பட்டால் படப்பை வரைக்கும் தெரிந்துவிடும்.

மெஷின்காரர் பகலவன் வந்தேவிட்டார். "உள்ள ஆள் யாராவது கீறாங்களா?"

"யாரும் இல்லண்ணே. கொசுவும் இல்ல."

"இன்னாடா, கொசுவுக்கு வக்காலத்தா?" என்ற செல்வமேரி, தானே வந்து ஜன்னலைத் தள்ளினாள். "நீ அடி நைனா!"

ஜன்னல் திரைக்கு இந்தப் பக்கமிருந்தே பகலவன் குழாயை நீட்டினார். புகை போனது. இருமல் வந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள். லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவன், தலையணையோடு ஒருவன், சாம்பார்க் குண்டானைக் கட்டிக்கொண்டு ஒருவன்...

"மாதாவே! இது ரூமா, ஷேர் ஆட்டோவா? கோவிந்தம்மா, ஓடியா! உன் வூட்டு லட்சணத்தப் பாரு!"

ஈரக்கையோடு ஓடிவந்த கோவிந்தம்மா, நின்றவர்களை விரல் நீட்டி எண்ணினாள். டெனிசன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எட்டுதானே கீது? அந்தத் தெக்கத்திப் புள்ள, சுடலைக்கண்ணு எங்கடா? இடி வுழுந்தாலும் தூங்குவானே!"

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே புகுந்தவள், அவனைத் தரதரவென்று இழுத்து வந்தாள்.

வேலை போய் ஒரு மாதமான சுடலைக்கண்ணு கண்ணைக் கசக்கினான். "கம்பெனி பஸ் வந்துட்டாக்கா?"

செல்வமேரிக்கு வாய் மூடவில்லை. "அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தெரிஞ்சா வாடகை ஏத்தணும்" என்ற கோவிந்தம்மா, பின்பக்கம் போய் மிச்சத் துணியைப் பிழியத் தொடங்கினாள்.