வளைவில் இறங்கிய சக்கரம்

வளைவு வந்தாலே அந்தப் பொம்மை நீராவி இன்ஜின் தடம் புரண்டுவிடும். ஒவ்வொரு முறையும் முதலில் இறங்குவது அதன் சின்ன முன்சக்கரம்தான்.

"பாதை தெரியலையாடா உனக்கு?" என்றது இன்ஜின்.

"தெரியுது. திரும்பத்தான் முடியல" என்றது சக்கரம்.

சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருந்த திருகாணி மெல்லச் சொன்னது: "நான்தான் காரணம். நீ விழ விழ, இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்."

"கொஞ்சம் விட்டுப் பிடி அக்கா" என்றது சக்கரம்.

திருகாணி பயந்துகொண்டே அரைச் சுற்று தளர்ந்தது. வளைவில் சக்கரம் முதலில் திரும்பியது. பெரிய இன்ஜின் அதன் பின்னாலேயே திரும்பியது.

கண்ணை மூடிக்கொண்டிருந்த திருகாணி கேட்டது: "விழுந்துட்டியா?"

"இல்லக்கா. உன் கையிலதான் இருக்கேன்."