கோளிக்கொளம்பு

“கோழிக்குழம்பும் புழுங்கலரிசிச் சோறும்” என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். இருபது வருடங்களுக்கு முன் என் குரலிலேயே நான் வைத்த கடவுச்சொல்தான். கிரிப்டோ வாலட் திறக்க மாட்டேன் என்கிறது.

காரணம் தெரியும். அப்போது நான் மதுரை வாயோடு “கோளிக்கொளம்பு” என்றுதான் சொல்லியிருப்பேன். பத்து வருடம் கழித்துக் கஸ்டமர் கேர் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே தொண்டைக்குள் உச்சரிப்புத் திருத்தியை வைத்துவிட்டார்கள். இப்போது கொச்சையாகப் பேச நினைத்தாலும் மேடைத் தமிழ்தான் வெளியே வருகிறது. அதைக் கழற்றினால் வேலை போய்விடும். போனால் போகட்டும் என்று சொல்லத் தேவையான பணமோ அந்த வாலட்டுக்குள் கிடக்கிறது.

அடுப்படியிலிருந்து என் மனைவி பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தாள். “கோளிக்கொளம்புன்னு சொல்லித் தொலைங்களேன். இதுல என்ன கஷ்டம்?”

“கோழிக்குழம்பு.”

“அய்யோ, கோளி!”

“கோழி!”

ஆத்திரத்தில் போனை மேசையில் ஓங்கி வைத்து, “இழவெடுத்த சனியனே!” என்று கத்தினேன். அந்த இழவுகூடச் செய்தி வாசிப்பவர் வாயிலிருந்து வருவதுபோல் அத்தனை சுத்தமாக வந்து விழுந்தது.

வாலட் பணிவாகப் பேசியது. “எச்சரிக்கை. சோலையப்பனின் குரலில் வேறு யாரோ பேசுகிறார்.”

“கேட்டாயா பஞ்சவர்ணம்? என்னைப் பார்த்து வேறு யாரோ என்கிறது!”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நானும் அதத்தாங்க பத்து வருசமா சொல்லிக்கிட்டிருக்கேன்.”