கடவுச்சீட்டுக்கு ஏற்ற முகம்

ஜூலை மாதம் ஒன்பதாம் தேதி, கடவுச்சீட்டு அலுவலகம் அவருடைய புகைப்படத்தை இரண்டாம் முறையாகத் திருப்பி அனுப்பியது.

காரணம் என்னும் இடத்தில் 'சிரிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. எழுவாய் இல்லை, பயனிலை இல்லை. அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவரைக் குற்றவாளியாக்க ஒரு பெயர்ச்சொல் போதுமென்று யாரோ ஓர் அதிகாரி முடிவுகட்டிவிட்டார்.

மறுநாள் காலை, புகைப்பட நிலையத்தின் முக்காலியில் வெள்ளைத் திரைக்கு முன்னால் அவர் மறுபடியும் அமர்ந்தார்.

"வாயை மூடிக்கிட்டே சிரிக்கிறீங்கம்மா," என்றார் புகைப்படக்காரர்.

"நான் எங்கப்பா சிரிக்கிறேன்?"

"உதட்டுல இல்லம்மா. கன்னத்துல சிரிக்கிறீங்க."

சுவரோரப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவிக்கு இது பெரிய வேடிக்கை. வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அவருக்கு வைத்திருந்த பெயரே 'உம்மணாமூஞ்சி'.

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில், குழாயில் காற்றுத்தான் வருகிறது என்று கத்தியவர்களையெல்லாம் ஓய்வுபெறும்வரை ஒரே முகத்தோடு எதிர்கொண்டவர் அவர். வேலை முடிந்து வந்தால் படுக்கையில் கிடந்த தாய். தாய் போன பின் தம்பியின் பிள்ளைகள். தமக்குத் திருமணம் கூடிவராமற்போனதற்கும் அந்த முகத்தின்மேல்தான் பழி விழுந்தது.

சிரிக்காதது குற்றமென்று அத்தனை காலம் வீடு சொன்னது. சிரித்தது குற்றமென்று இப்போது அரசாங்கம் சொல்கிறது.

அந்தச் சிரிப்பு எப்போது வந்து சேர்ந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கப்பலில் இடம் பதிவுசெய்த அன்று. ஒற்றைக் கட்டில், வட்டச் சன்னல், வழியில் இறங்கிப் பார்க்கப் பெயர்கூட வாயில் நுழையாத துறைமுகங்கள். அன்று பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்தவர், உதட்டோரம் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கழுவினார். போகவில்லை.

கப்பல் மாதக் கடைசியில் புறப்படுகிறது. இந்தப் படமும் திரும்பிவந்தால் விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கப்பல் அதுவரை காத்திருக்காது.

காத்திருப்பது தம்பி வீட்டு மாடியறைதான். அவருக்கென்று ஒரு கட்டிலும், தம்பி மகளின் கைக்குழந்தைக்கென்று ஒரு தொட்டிலும் ஒரே வண்டியில் வந்து அங்கே இறங்கியாயிற்று.

"ஏதாவது சோகமா நினைச்சுக்கோங்கம்மா."

"உங்க தம்பியை நினைச்சுக்கோங்க அண்ணி," என்றார் தம்பி மனைவி. "முப்பது வருஷமா எனக்கு அதுலதான் சிரிப்பே நின்னுபோச்சு."

புகைப்படக்காரர் குலுங்கிச் சிரித்ததில் அந்தப் படம் கலங்கிப்போயிற்று.

அவரும் முயன்றார். பிடுங்கிய கடைவாய்ப் பல்லை நினைத்தார். பதவி உயர்வைத் தட்டிப் பறித்தவனை நினைத்தார். கடைசியில், வேறு வழியின்றி, தாயின் இறுதி நாள்களையே நினைத்தார். தாயோ நினைவுக்குள் எழுந்து உட்கார்ந்து, கப்பலில் எத்தனை மாடி என்று விசாரித்தார்.

கன்னம் மறுபடியும் குழிந்தது.

"ஐயோ அம்மா!" என்று புகைப்படக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கல்யாணப் பொண்ணுங்ககிட்டக்கூட நான் இவ்வளவு கெஞ்சினதில்ல. அதுவும் சிரிக்கச் சொல்லித்தான் கெஞ்சுவேன்."

தம்பி மனைவி எழுந்து வந்து, அவருடைய காதோரம் பிரிந்திருந்த நரைமுடியை ஒதுக்கிவிட்டார். சேலைத் தலைப்பை நேராக்கினார். பெஞ்சுக்குத் திரும்பிக்கொண்டே அன்பாகத்தான் கேட்டார்:

"ஆமா அண்ணி, எப்பத் திரும்பி வருவீங்க? தேதியைச் சொன்னீங்கன்னா, அன்னைக்கே குழந்தையைக் கொண்டாந்து விடச் சொல்லிடுவேன். உங்க கையில குடுத்துட்டா அவளும் நிம்மதியா வேலைக்குப் போவா."

அவர் கேமராவின் பக்கம் திரும்பினார்.

"அப்படியே இருங்கம்மா! அசையாதீங்க!"

விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

கணினித் திரையில் அந்த முகம் வந்து நின்றது. விதிமுறை கேட்ட முகம். நேர்கோடாக உதடு. அசையாத கன்னம். எதையும் எதிர்பாராத இரண்டு கண்கள்.

தம்பி மனைவி எட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில்தான் எத்தனை நிம்மதி!

"இப்பத்தான் நம்ம அண்ணி மாதிரி இருக்கு."

படம் ஏற்கப்பட்டது. கடவுச்சீட்டும் கைக்கு வந்துவிட்டது. கேட்ட தேதியை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. அவருடைய பயணச்சீட்டு இறுதித் துறைமுகம் வரைக்குமானது. அங்கிருந்து திரும்பிவர அவர் சீட்டு எதுவும் வாங்கவில்லை.

இனி, உங்களிடம்.

ஏதோ ஒரு துறைமுகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கையில் முத்திரையோடு அமர்ந்திருப்பவர் நீங்களாக இருக்கலாம். வரிசையில் ஒரு பெண்மணி வருவார். படத்தைப் பார்ப்பீர்கள், முகத்தைப் பார்ப்பீர்கள், இரண்டும் ஒத்துப்போகமாட்டா. இவர் வேறு யாரோ என்று தோன்றும்.

தோன்றட்டும். அவரைத் தனியே அழைத்து நிறுத்தாதீர்கள். சிரிப்பை அடக்கச் சொல்லாதீர்கள். எப்போது திரும்புவீர்கள் என்று மட்டும் மறந்தும் கேட்டுவிடாதீர்கள்.

முத்திரையைக் குத்துங்கள்.