எதையும் எடுக்காத கீறல்

சிறுநீரக நோய் ஆய்வுக்காக பஹீமா எலிகளின் ஒரு சிறுநீரகத்தை முழுவதுமாகவும் மற்றொன்றில் பெரும்பகுதியையும் வெட்டி எடுப்பாள். மிச்சத் துணுக்கோடு அவை மெல்ல வாடுவதைக் கவனிப்பதுதான் அவள் வேலை. அன்றைக்கு இருந்தது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எலி. அதற்கும் அதே மயக்கமருந்து, அதே கீறல். ஆனால் எதையும் எடுக்கக் கூடாது. பிஸ்மி சொல்லிக் கீறினாள். அவரை விதை போலிருந்த சிறுநீரகத்தை விரலால் தொட்டுவிட்டு, அப்படியே தைத்து, எலியை உள்ளங்கையில் பொதிந்துகொண்டாள்.

டயாலிசிஸ் படுக்கையிலிருந்து தம்பி இர்ஃபான் அழைத்தான். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டாள்.

"லாத்தா, உன் டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சா?"

"இன்னும் வரலப்பா."

அவளுடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று டாக்டர் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். ஒன்றை வைத்துக்கொண்டு மனிதர்கள் நன்றாகவே வாழ்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கண்கள் நாளெல்லாம் பார்த்தது கூண்டுக்குள் வாடிய எலிகளைத்தான்.

"சரி விடு. இன்னைக்கு யாரு கிட்னிய உருவுன?" என்று சிரித்தான்.

"யாருதும் இல்ல. கீறி, தொட்டுப் பாத்துட்டு, தைச்சிட்டேன்."

"அட பாவமே, சும்மாவா கீறுன! வலிக்கு ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"முழிக்கிற வரைக்கும் கைய எடுத்துறாத லாத்தா. குளிரும். இந்த மிசின்ல ரத்தம் போய்ட்டு வர்றப்ப எனக்கும் அப்படித்தான் குளிருது."

உள்ளங்கைக்குள் எலி ஒரு காலை அசைத்தது.

"சரி, வச்சிரட்டுமா?"

"வச்சிராத இர்ஃபான்," என்றாள். "உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."