மூன்று அடி, ஒரு நிறுத்தம்

அன்று மழை பெய்ததா என்று யாமிலெத்துக்கு இப்போது சரியாக நினைவில்லை. தெருவில் யாரோ டிரம்பெட் வாசித்தது மட்டும் நினைவிருக்கிறது.

“முதல் ரெண்டும் பிழைக்கலை. இவனாவது வளரட்டும். டிசம்பர் திருவிழாவுல நான் ஆடணும்,” என்றான் கணவன் எவெர், ஊன்றுகோலில் சாய்ந்தபடி.

“அதான் விடாம இழுத்து விடுறேன். சும்மா கிடந்தா உன்னை மாதிரி சோம்பேறி ஆயிடுவான்.”

“சல்சா ஆட்டத்துலகூட மூணு அடிக்கு ஒரு நிறுத்தம் உண்டுடி, தாளம் தெரியாதவளே! அவனும் கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

யாமிலெத் ஆய்வுக்கூட இயந்திரத்தின் விசையை மாற்றி வைத்தாள். கண்ணாடித் தொட்டிக்குள், எவெரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் மூன்று முறை இழுபட்டு, ஒரு கணம் கனவு காண்பதுபோல் ஓய்ந்தன.

அவை தசைநாராக வளர்ந்தன. எவெரின் குதிகாலில் நார் அறுந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். எவெர் திருவிழாவில் ஆடினான். யாமிலெத்துக்கு இன்னும் தாளம் வரவில்லை.